திருமதி சாந்தி மோகன், தாம்பரம்

27-8-73, திங்கள்

பேப்பரில் ஐந்தாம் பக்கம். மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் ஃபேஷன் பரேட். "நவநாகரிக உடைகளில் அழகிகள் பவனி வந்தனர். பிரமுகர்கள் கண்டு களித்தனர்." பிரமுகர்கள் களித்தார்கள், சரி. அழகிகள் சாப்பிட்டார்களா என்று ஒருவரும் எழுதவில்லை. சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வயிறு தெரியும் என்று காலையிலிருந்து ஒரு டம்ளர் மோரோடு நிறுத்தி வைப்பார்கள். உடை முன்பக்கம் தேர் மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் துணி உலர்த்துகிற கிளிப்பாகக் குத்தி இழுத்திருப்பார்கள். திரும்பி நடக்கும்போது தலைப்பை அகல விரிப்பது நளினம் என்று எழுதியிருக்கிறான். கிளிப்பை மறைக்கத்தான் விரிக்கிறோம், மடையா.

அதே பக்கத்தின் அடியில் நாலே வரி. நூல் கிடைக்காமல் தறிகள் நிற்கின்றனவாம். மேலே அழகிகள், கீழே தறி. இரண்டும் துணிச் செய்திதான். யார் சேர்த்துப் படிக்கிறார்கள்?

நான் இந்த மாடல் தொழிலை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. விட்டேன் என்று எழுதுவதுகூடப் பொய். பம்பாயிலிருந்து வெள்ளையாக நாலு பேர் வந்தார்கள். என் முகத்துக்கு இரண்டு பூச்சு பவுடர் செலவாகிறது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். இங்கே விரல்தான் வேண்டும், நிறம் வேண்டாம்.

ஆனால் ஒன்று. அந்த விளக்கு வெளிச்சத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை வெளியே சொல்ல மாட்டேன்.

2-9-73, ஞாயிறு

இன்று கோயிலில் எங்கள் கல்யாண ஓலை முதல் முறை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபையைக் கேட்க வேண்டும். கேட்டார். யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

"தாம்பரம் லாசரஸ் குமாரத்தி ஞானஜோதி என்னும் கன்னிகையை" என்று வாசித்தபோது பெண்கள் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. கன்னிகை என்ற இடத்தில்தான் திரும்பின. புடவை விளம்பரக் காலண்டரில் நின்றவளுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மாப்பிள்ளை தேவானந்தம் மீனம்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க். வீடு பல்லாவரம். இரண்டு வருஷம் ஒரே ரயிலில் போய் வந்து பழக்கம். நல்லவர் என்று நினைக்கிறேன். பார், 'நினைக்கிறேன்' என்றுதான் எழுத வருகிறது. மாடலாக இருந்ததை முதல் மாதமே சொல்லிவிட்டேன். "அதெல்லாம் பழசு ஜோதி. நான் மன்னிச்சுட்டேன்" என்றார். அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். எதை மன்னித்தார்?

5-9-73, புதன்

பூம்பொழில் மில். நான் காலண்டருக்கு மாடலாக நின்ற பழைய மில்.

தீபாவளிக்கு 'நித்யா பாலி-பட்டு' என்று ஒரு புடவை வருகிறதாம். விளம்பரமாகப் போடவில்லை, செய்தியாகவே போட்டிருக்கிறார்கள். "சென்ற ஆண்டு உற்பத்தி தொடங்கிய இந்த நவீன நூல் மங்காது, சுருங்காது, இஸ்திரி வேண்டாம்." அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று போடவில்லை. எங்கள் ஆபீஸில் ஒருத்தி நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு ஸ்டவ் பற்றவைத்து, கணுக்காலில் புடவை உருகி ஒட்டிக்கொண்டது. இன்னும் நொண்டுகிறாள்.

செய்தி மாதிரி விளம்பரம் போட்டால் ஏதோ பெரிய பொய் பின்னால் வருகிறது என்று அர்த்தம். கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

8-9-73, சனி

வந்துவிட்டது.

கால் பக்கம். நான். மாலையும் கழுத்துமாக, நெற்றியில் பொட்டு, தலை குனிந்து. ஒருவன் என் கழுத்தில் தாலி கட்டுகிறான். 68-ல் காலண்டருக்கு எடுத்த படம். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா —

"1968-ல் நித்யா புடவையில் மணம் முடித்தோம். ஐந்து வருடம் ஆகியும் புடவை மங்கவில்லை. எங்கள் இல்லறமும்தான்! — திருமதி சாந்தி மோகன், தாம்பரம்."

யார்டா சாந்தி? எவன்டா மோகன்? தாம்பரம்னு போட்டிருக்கான் பாரேன்! மில் ஆபீஸ்ல இருக்கிற என் பழைய விலாச அட்டையைப் பார்த்து ஊரை எடுத்திருக்கான். பேரு பொய், புருஷன் பொய், புடவையும் பொய். ஊரை மட்டும் உண்மையா போட்டிருக்கான்!

அந்தப் படத்தில் நான் கட்டியிருந்தது மில் புடவையே இல்லை. மில் புடவை போட்டோவில் பளபளக்கவில்லை என்று ஒரு கடையிலிருந்து காஞ்சிபுரம் பட்டை அரை நாளைக்கு இரவல் வாங்கினார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்வரை வியர்வை படக்கூடாது என்று அக்குளில் காகிதம் வைத்தார்கள்.

அப்பா பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். "நாளைக்கு ரெண்டாவது ஓலை" என்றார். அது எனக்குத் தெரியாதா?

9-9-73, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓலை வாசித்து முடித்து, தடை உண்டா என்று கேட்டார் போதகர். முன்வரிசையில் வேதசிரோமணி சார் எழுந்து நின்றார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர், சபைக் கமிட்டியில் இருக்கிறவர். பைபிளுக்குள்ளிருந்து பேப்பர் துண்டை எடுத்தார். "ஐயா, வருத்தத்தோட சொல்றேன். இந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கு. இந்து முறைப்படி. அச்சுலயே வந்திருக்கு."

கோயிலில் ஒரு சத்தம் எழுந்தது. கூட்டம் மூச்சு விடுகிற சத்தம்.

நான் எழுந்து, "சார், அது விளம்பரம்!" என்றேன்.

"விளம்பரம்தாம்மா. ஆனா சாட்சி சொல்லியிருக்கியே, தாம்பரம்னு ஊரோட. மதம் மாறிப் பேரை மாத்திக்கிட்டவங்க உண்டு. பேப்பர்காரன் இல்லாத ஒண்ணைப் போடுவானா?"

இந்த மனுஷர் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கெட்ட எண்ணம் என்றால் நான் சமாளித்துவிடுவேன். இவரிடம் கெட்ட எண்ணமே இல்லை. அச்சில் வந்தால் நம்புகிறார். என்ன செய்ய?

போதகர் மூன்றாவது ஓலையை நிறுத்திவைத்தார். மில்லிடமிருந்து கடிதம், அல்லது படத்தில் இருக்கிற ஆண் நேரில் வரவேண்டும் என்றார்.

ஆண்கள் பக்கத்தில் தேவானந்தத்தைத் தேடினேன். காலுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

10-9-73

ரயிலில் அவர் வரவில்லை. வேறு பெட்டியில் ஏறினாரோ?

11-9-73, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு மில்லின் விளம்பர ஆபீஸுக்குப் போனேன். அதே மானேஜர் யக்ஞநாராயணன். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே.

"அடடே, ஜோதி! நீ இன்னும் அப்படியே இருக்கேம்மா. அந்தப் படம் எவ்வளவு நன்னா வந்திருக்கு பார்த்தியோ?"

"சார், எனக்குக் கல்யாணமே ஆகலை. ஆயிடுச்சுன்னு போட்டிருக்கீங்க."

"சாந்தின்னுதானே போட்டிருக்கோம்? உன் பேரைப் போடலையே."

நான் கையோடு கொண்டுபோன பழைய ஒப்பந்தத்தின் கார்பன் காப்பியைப் பிரித்தேன். காலண்டருக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும். பத்தொன்பது வயதில் படிக்காமல் போட்ட கையெழுத்து. நல்லவேளை, காப்பியைத் தூக்கிப் போடவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. மணியடித்து எனக்குக் காபி வரவழைத்தார். அப்போதுதான் புரிந்தது, பயப்பட வேண்டியது அவர்தான்.

"லெட்டர் தாராளமா தரேன். கல்யாணம் ஆகலைன்னு எழுதித் தரேன். நீ இதுல ஒரு கையெழுத்துப் போடு. ரெண்டு பேருக்கும் கஷ்டமில்லை."

டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். படித்தேன். இந்தப் படத்தை எப்போது வேண்டுமானாலும், எந்தத் துணிக்கு வேண்டுமானாலும், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் மில் உபயோகிக்கலாம். காலக்கெடு கிடையாது. நான் செத்த பிறகும் சாந்தி மோகன் புடவை விற்பாள்.

"போட மாட்டேன் சார்."

"தீபாவளி வரைக்கும் விளம்பரம் வரும்மா. உன் சௌகரியம்."

காபியைக் குடிக்காமல் வந்தேன். பிறகு ரயிலில் தலைவலித்தபோது குடித்திருக்கலாம் என்று தோன்றியது.

15-9-73, சனி

மோகனைக் கண்டுபிடித்துவிட்டேன். மோகன் என்கிற சுப்பராயலு. அப்போது மில் ஷோரூமில் சேல்ஸ்மேன். மீசை நன்றாக இருக்கிறது என்று படத்துக்கு இழுத்துவந்தார்கள். இப்போது மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் வண்டியில் மில்லின் கட்பீஸ் துணி விற்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. நாளைக்குக் கோயிலுக்கு வந்து உண்மையைச் சொல்லக் கேட்டேன்.

"ஜோதிம்மா, நான் வந்து சொன்னா மில்லுல எனக்குக் கட்பீஸ் தர்றதை நிறுத்திடுவாங்க. மூணு புள்ளைங்க."

தப்பு என்று சொல்ல முடியவில்லை. கோபம் மட்டும் வந்தது. அவர் மேல் இல்லை. ஒரு பொய்யைச் சொல்வதற்கு மில்லுக்குப் படம் அச்சடிக்கிற ஒரு பிளாக் போதும். அதை இல்லை என்று சொல்ல இந்த மனிதர் தன் வண்டியையே பணயம் வைக்க வேண்டும்.

அப்போது வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி பொன்னியம்மாள் எழுந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"இன்னாமே, நீதானா அந்த சாந்தி?"

"இல்லைக்கா. நான் ஞானஜோதி."

"ஒரு வாரமா மார்க்கெட்ல தலகாட்ட முடில. மீன்காரி கேக்கறா, உம் புருசனுக்கு இன்னொரு வூடு கீதாமேன்னு. இந்தாளு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லணுமே!" புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், நெசமாவே தாலி கட்டினியா?"

"போட்டோக்குமே. கை தெரியணும்னாங்க."

"எத்தினி முடிச்சு?"

சுப்பராயலு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "மூணு. ஒரு முடிச்சுக்கு ஒரு போட்டோன்னு எடுத்தாங்க. அப்புறம் போட்டோகிராபரே கத்தரிச்சு டப்பாவுல போட்டுட்டார். அடுத்த படத்துக்கு வேணுமாம்."

பொன்னியம்மாள் கத்தரிக்கோலை வண்டி மேல் வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு. "எனக்கு இந்தாளு ஒரு முடிச்சுதான் போட்டான். மீதி ரெண்டும் அவன் அக்காதான் போட்டுச்சு. உனக்குன்னா மூணா?" சிரித்து முடித்து, "நாளைக்கு எத்தினி மணிக்குக் கோயிலு? இவரு வர வேணாம். நான் வரேன்" என்றாள்.

16-9-73, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் பக்க அறையில் விசாரணை. போதகர், வேதசிரோமணி சார், அப்பா, நான், தேவானந்தம். பொன்னியம்மாள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கண்ணாடி போட்ட தன் கல்யாணப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதை மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் விளம்பரத்தை வைத்தாள்.

"ரெண்டுத்துலயும் ஒரே மூஞ்சிதானே சாமி? எங்க கல்யாணம் அறுபத்தஞ்சுல. கட்டினவ நான் உயிரோட கீறேன். அப்புறம் இது இன்னா கல்யாணம்?"

வேதசிரோமணி சார் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஆனா பேப்பர்ல..." என்று இழுத்தார்.

நான் என் பையிலிருந்து ஐந்தாம் தேதி கத்தரித்து வைத்த செய்தியைக் கொடுத்தேன். "சார், இதுவும் பேப்பர்தான். இதே மில். இந்த நூலே போன வருஷம்தான் உற்பத்தி ஆச்சுன்னு போட்டிருக்கு. அறுபத்தெட்டுல நான் இந்தப் புடவையில எப்படிக் கல்யாணம் பண்ணியிருப்பேன்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வருஷத்தைக் கழித்துப் பார்க்கிறார் என்று உதட்டிலிருந்தே தெரிந்தது. முகம் மெதுவாக விழுந்தது. "நாலு நாள் இடைவெளி கூட இல்லை. ஒரே மில்லு. ரெண்டும் அச்சு" என்றார். எழுந்து நின்று கைகூப்பினார். "என்னை மன்னிச்சுடும்மா. தடையை வாபஸ் வாங்கிக்கறேன்."

இந்த மன்னிப்பு எனக்குப் புரிந்தது. அவர் எதற்குக் கேட்டார் என்று தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. பொன்னியம்மாள் போகும்போது தேவானந்தத்தை மேலும் கீழும் பார்த்து, "மாப்ள வாயே தொறக்கலியே?" என்றாள்.

17-9-73

விளம்பரம் மறுபடி. இந்த முறை அரைப்பக்கம்.

20-9-73, வியாழன்

சாயங்காலம் தேவானந்தம் வீட்டுக்கு வந்தார். ஸ்வீட் பாக்கெட்டோடு. முகத்தில் ஒரு வெற்றி.

"எல்லாத்தையும் முடிச்சுட்டேன் ஜோதி." மில்லின் கடிதம். சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

"எங்கே கிடைச்சது?"

"நேர்ல போனேன். அந்த மானேஜர் நல்ல மனுஷன். அம்மா கேட்டாங்க, யாரோ மார்க்கெட் பொம்பளை சொன்னதை வெச்சு எப்படி நம்பறது, எழுத்துல வேணும்னாங்க. அதான்."

"நான் சொன்னதை வெச்சு?"

"நீ சொல்றதை நான் நம்பறேன். அம்மாவுக்காகத்தான்."

கடிதத்தைப் படித்தேன். 'திருமதி ஞானஜோதி தேவானந்தம் அவர்களுக்கும் படத்தில் உள்ள ஆணுக்கும் மணம் நடைபெறவில்லை.'

திருமதி ஞானஜோதி தேவானந்தம்.

"சும்மா கொடுத்தாங்களா?"

"ஒரு கன்சென்ட் பேப்பர்தான். நான் போட்டுட்டேன். புருஷன் கையெழுத்தே போதும்னாங்க." ஒப்பந்தத்தின் கார்பன் காப்பியையும் பெருமையாக நீட்டினார். எந்தத் துணிக்கும், எந்தப் பெயரிலும், காலக்கெடு இல்லாமல். கீழே 'கணவர்' என்று டைப் அடித்த இடத்தில் அழகான கையெழுத்து.

"நீங்க இன்னும் எனக்குப் புருஷன் ஆகலையே."

"பத்து நாள்ல ஆகப்போறேன். இதுல என்ன?"

இதுல என்னவா? நான் மாட்டேன்னு எழுந்து வந்த பேப்பர். அந்தக் காபியைக்கூடக் குடிக்கலை நான்! இவர் போய் உட்கார்ந்து குடிச்சுட்டு, போட்டுட்டு, மைசூர்பாகு வாங்கிக்கிட்டு வரார்.

22-9-73, சனி

கோபம் தணியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். இன்று பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி அவரிடம் பேசினேன். ஒன்று மட்டும் கேட்டேன். திங்கட்கிழமை மில்லுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், நீங்கள் கணவர் இல்லை, அந்தக் கையெழுத்து செல்லாது என்று.

"சொன்னா லெட்டரைத் திருப்பிக் கேப்பாங்க. அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நான் சொன்னதைச் சொல்லுங்க."

பீச் ஸ்டேஷன் போகிற ரயில் ஒன்று வந்து நின்று போனது. பிறகு தணிந்த குரலில், "எனக்கும் அந்த லெட்டர் இருந்தா ஒரு நிம்மதி ஜோதி" என்றார்.

கெட்டவர் இல்லை. அதை எழுதி வைக்கிறேன். ஒருவேளை நான்தான் எல்லாவற்றையும் கிளிப்பு கிளிப்பாகப் பின்னால் போய்ப் பார்க்கிறேனோ? ஆனால் பின்னால் கிளிப்பு இருக்கிறதே.

23-9-73, ஞாயிறு

மூன்றாம் முறை ஓலை வாசித்தார் போதகர். தடை உண்டானால் சொல்லலாம் என்றார்.

எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த அருள்மேரி அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, உனக்குத்தான் வாசிக்கறாங்க."

"தெரியும்க்கா" என்றேன். பிறகு சத்தமாக, "ஐயா, எனக்கு ஒரு தடை தெரியும்."

போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா?"

"போன புதன்கிழமை மில் ஆபீஸ்ல இவர் என் புருஷன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். என்னைக் கேக்காம." கார்பன் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பீடம்வரை நடக்க அவ்வளவு தூரம் என்று இதற்கு முன் தெரியாது. "எனக்கு இதுவரைக்கும் ரெண்டு கல்யாணம் ஆகியிருக்கு ஐயா. ரெண்டும் மில் ஆபீஸ்லதான். ரெண்டுக்கும் என்னை யாரும் கேக்கலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து வேதசிரோமணி சார் எட்டிப் பார்த்து, "இது அச்சா, டைப்பாம்மா?" என்றார்.

"டைப் சார்."

"எதுவானாலும் விசாரிக்கணும்" என்றார், மிகக் கவலையாக.

தேவானந்தம் எழுந்து நின்றார். "உனக்காகத்தான் ஜோதி செஞ்சேன்." குரல் உடைந்திருந்தது. அது பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

"தெரியும். கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்."

"தள்ளிவைக்கணுமா, நிறுத்தணுமா?" என்று கேட்டார் போதகர். என்னைக் கேட்டார். அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா சரியென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடுங்க ஐயா."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அருள்மேரி அக்கா விழுந்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

போதகர் ஓலையை மடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சேலையூர்ப் பையனுக்கும் பெருங்களத்தூர்ப் பெண்ணுக்கும் முதல் முறை. வாசித்து முடித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.